விதை வைக்காத பூவும் வீடு கட்டிய வாழையும்

மக்கா, ராயகிரி அத்தை வீட்டு வளைகாப்பில் நடந்ததைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். சின்னவன், “நான் காய் எங்கன்னுதான கேட்டேன்” என்கிறான். பெரியவள், “நான் பாடத்துல இருக்கதத்தான சொன்னேன்” என்கிறாள். உங்கள் அம்மாவோ எல்லாம் என் வாயால் வந்த வினை என்கிறாள். மூன்றும் சரிதான். அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு தறிக்குப் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் அந்தச் செடி. நம் வீட்டு அடிபம்புப் பக்கத்தில் நிற்கிறதே டெல்லிக் கனகாம்பரம், அதுதான். டெல்லிக்கும் அதற்கும் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது. டெல்லியில் ரொம்ப காலம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் விசாரித்தேன். அங்கே யாரும் கனகாம்பரம் சூடி அவர் பார்த்ததே இல்லையாம். பேர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாட்டுக் கனகாம்பரத்தில் பூ உதிர்ந்த பிறகு காய் பிடிக்கும். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். நானும் உங்கள் அத்தையும் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுப் பிள்ளைகளின் காலருக்குள் ஈரக் காயைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பாடத்தைக் கவனிப்போம். டெல்லிச் செடியில் அந்த விளையாட்டு நடக்காது. பூ பெரிசு, நிறம் அடர்த்தி, ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும். காய் மட்டும் கிடையாது. கம்பை ஒடித்து ஊன்றினால்தான் அடுத்த செடி.

ஏன் காய் இல்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பூப் பறிக்கிறவனுக்குக் காய் எதற்கு? பெரியவள் பிளஸ் டூ போன பிறகுதான் ஒருநாள் புத்தகமும் கையுமாக வந்து, “அப்பா, இது மும்மடியம்ப்பா” என்றாள். ஏதோ நோய் என்று நினைத்து நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

அவள் சொன்னதை என் தறிக்காரப் புத்தியில் இப்படி விளங்கிக்கொண்டேன். உயிருள்ளவற்றின் உடம்புக்குள் குரோமோசோம் என்று நூல்நூலாக இருக்கிறது. தாய் வழியில் ஒரு கட்டு, தகப்பன் வழியில் ஒரு கட்டு, ஆக நமக்கு இரண்டு. சில செடிகளுக்கு மூன்று, நான்கு, ஆறு என்று கூடுதலாக இருக்கும். அதற்குப் பன்மடியம் என்று பேர். நான் நெய்கிற நூலுக்கான பருத்தியில் பெரும்பாலும் நான்காம். சப்பாத்திக் கோதுமையில் ஆறாம். விதை உண்டாகும்போது இந்தக் கட்டுகள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். தறியில் பாவு நூல் பாதி மேலே ஏறி, பாதி கீழே இறங்கி, நடுவில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுமே, அதுமாதிரி. நான்கும் ஆறும் ஒருவழியாகப் பிரிந்துவிடும். டெல்லிக் கனகாம்பரத்துக்கு மூன்று, அதுதான் மும்மடியம். மூன்று எப்படிப் பிரியும்? ஒரு கட்டு நூல் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றால் நாடா அதில் மோதும், பாவு அறும், முதலாளி வந்து நிற்பார். கனகாம்பரத்துக்கு முதலாளி இல்லை. விதை பிடிக்காது, அவ்வளவுதான். விதைக்குப் போக வேண்டிய சத்தும் பூவுக்கே போகும்.

“வாழையும் அப்படித்தான்ப்பா. கற்பூரவள்ளி, செவ்வாழை, நேந்திரம் எல்லாத்துக்கும் மூணுதான். அதான் பழத்துக்குள்ள விதை இல்ல.”

எனக்கு ஒரே சந்தோஷம். தறிக்கூடத்தில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன். பக்கத்துத் தறிக்காரர் கேட்டுவிட்டு, “வாழைக்கு மூணு கட்டு இருக்கட்டும் வே. உமக்கு எத்தன கட்டு கழண்டிருக்கு?” என்றார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

இனி உங்கள் அத்தை, என் தங்கச்சி. அவள் கல்யாணமாகிப் போகும்போது ஈரத்துணியில் சுற்றிக் கனகாம்பரக் கம்பு கொடுத்துவிட்டது நான்தான். சீர்வரிசையில் அதை யாரும் சேர்த்துப் பேசவில்லை. உங்கள் மாமாவுக்கு வாழைத்தார் வியாபாரம். மலையடிவாரத் தோப்புகளில் தார் வெட்டி வேனில் ஏற்றிக் கடைகடையாகப் போடுவார். அந்த மாடி வீடு வாழையில் வந்தது.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. டாக்டர்கள் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குறை இருந்தாலாவது மருந்து எழுதியிருப்பார்கள். அவள் நம் சங்கரன்கோவில் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணையும் வேளை தவறாமல் வாயில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. எங்கேயாவது பேர் வைப்பு, வளைகாப்பு என்று கிளம்பும்போது மட்டும் அவள் மாமியார், “நீ வீட்டப் பாத்துக்கோ” என்பார்கள். அந்தத் தெருவிலேயே அதைப் போலப் பத்திரமான வீடு கிடையாது.

(அவள் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். உங்களுக்குக் குழப்பம் வரும் என்பதால் இங்கே மாமியார் என்றே எழுதுகிறேன்.)

அவள் போகாத விசேஷங்களுக்கெல்லாம் அவள் பூ போனது. கொல்லைப்புறத்தில் நான் கொடுத்த கம்புகளைப் பாத்தி கட்டி வளர்த்துவிட்டாள். தெருப் பொம்பளைகள் பூவுக்கு வருவார்கள், வந்தால் பேசாமல் போக மாட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அந்தப் பாத்திதான்.

இப்படி இருக்கும்போது அவள் கொழுந்தன் பெண்டாட்டி, அந்த வீட்டுச் சின்ன மருமகள், உண்டானாள். வளைகாப்பு நாள் குறித்தார்கள். வீட்டைப் பார்த்துக்கோ என்று சொல்ல முடியாது, விசேஷமே வீட்டில்தான். அத்தை போனில் பேசும்போது குரலே வேறாக இருந்தது. “அண்ணே, சடைக்குப் பூவு நான்தான் கட்டுதேன். இந்தத் தடவ நானும் சபையில நின்னு ஒரு வளையல் போட்டிருவேன்லா?” என்றாள். ஒரு வளையல். அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மற்றதை வாசிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

நாம் காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். மற்ற வீடுகளில் கல்யாணத்துக்குத்தான் வாசலில் வாழை கட்டுவார்கள். அது தார் வியாபாரி வீடு, வளைகாப்புக்கே குலை தள்ளிய மரங்கள் இரண்டு பக்கமும் நின்றன. உள்ளே மாமியார் பழங்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தாம்பாளங்களில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவன் நேராகக் கொல்லைக்கு ஓடினான். கையில் தண்ணீர் டம்ளர். நம் செடியில் இல்லாத காய் அத்தை செடியிலாவது இருக்கும், போட்டு வெடிக்கலாம் என்ற நினைப்பு.

“அத்தே, ஒரு காயக்கூட காணோம்! யாரு பறிச்சா?”

“இதுல காய் வராதுலே மக்கா.”

பெரியவள் கொல்லை வாசலில் தலை சீவிக்கொண்டு நின்றவள், சும்மா இருக்காமல், “இதுக்கு விதையே பிடிக்காதுலே, கோட்டிக்காரா. மும்மடியம். கம்ப ஒடிச்சு நட்டாத்தான் உண்டு” என்றாள். சத்தமாகச் சொன்னாள். பரீட்சைக்குப் படிக்கும்போது அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தேன்.

மாமியார் கை பழத்தோடு அப்படியே நின்றது. “என்னட்டி சொன்ன? விதையே பிடிக்காதா?”

பெரியவள் மறுபடியும் விளக்கமாகச் சொன்னாள்.

மாமியார் எழுந்து வந்து பாத்தியைப் பார்த்தார்கள். பிறகு அத்தையைப் பார்த்தார்கள். “வீட்டுக்குப் பின்னால விதை பிடிக்காத செடியை வளத்துக்கிட்டு, புத்துமண்ணத் தின்னா எப்படிட்டீ பலிக்கும்? நானும் இத்தன வருசம் இதையத்தான தலையில வச்சிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்! இந்தப் பூவு அந்தப் பிள்ள தலையில ஏறக் கூடாது. நீயும் சபைக்கு வராண்டாம். அடுக்களையப் பாத்துக்கோ.”

இவ்வளவு நாள் வீட்டைப் பார்த்துக்கொண்டவளுக்கு இப்போது அடுக்களை மட்டும் மிஞ்சியது. அத்தை கட்டி வைத்திருந்த பூச்சரத்தை ஒரு சொளகில் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமியார் சின்ன மகனைக் கூப்பிட்டு, “சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போயி நல்ல பூவா வாங்கிட்டு வெரசா வா” என்று பைக்கில் அனுப்பினார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் தங்கச்சிக்காகப் பேசுவதாக நினைப்பு.

“அத்தே, ஒரு விஷயம் சொல்லுதேன், கோவப்படாதிய. நீங்க துடைக்கிய பாருங்க, அந்தப் பழமும் விதை பிடிக்காத சாதிதான்.”

வந்திருந்த பொம்பளைகள் எல்லாம் திரும்பினார்கள். நான் பழத்தை உரித்து, நடுவில் புள்ளிபுள்ளியாக இருப்பதைக் காட்டினேன். விதையாக வேண்டியது ஆகாமல் போனது அது என்றேன். தறி, பாவு, நாடா எல்லாம் சொன்னேன். கேட்டவர்களில் ஒருத்தி, “அண்ணாச்சிக்குக் காப்பி குடுத்தாச்சா?” என்று பக்கத்தில் விசாரித்தாள்.

மாமியார் சொன்னார்கள்: “வாழையப் பாத்து எவனாவது வாய் கூசாம இப்படிச் சொல்லுவானா? வாழையடி வாழையா தழைக்கணும்னுதான ஊரே வாழ்த்துது?”

“அது பக்கக்கன்னு அத்தே. விதை இல்ல. ஒரே மரந்தான் திரும்பத் திரும்ப வருது.”

“கன்னு போடுதுல்லா?”

“கனகாம்பரக் கம்பும் துளுக்குதுல்லா?”

“கம்ப ஒருத்தன் ஒடிச்சு ஊணணும். வாழை தானாப் போடுது. ஊணாம துளுக்குமா உம்ம கம்பு?”

நியாயமான கேள்வி. புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று பெரியவளைப் பார்த்தேன். அவள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மாமியார் விடவில்லை. “அப்போ எம் மவன் மலட்டுத் தாரை வித்துத்தான் இந்த வீட்டக் கட்டுனான்னு சொல்ல வாரீரு?”

அறிவியல்படி அதுதான் உண்மை. ஆனால் வளைகாப்பு வீட்டில், வாசலில் இரண்டு மரம் கட்டியிருக்கும்போது, அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மாமா ஒரு தாரைத் தோளில் சுமந்து வந்து வாசலில் போட்டார். “கடைக்காரன் திருப்பிட்டான்மா. ஒரு பழத்தக் கடிச்சவனுக்குப் பல்லே போச்சாம். உள்ள கல்லு கல்லா விதை கிடக்கு. ஆயிரத்துல ஒண்ணு இப்படி வந்து தொலைக்கும்.”

மாமியார் யோசிக்கவே இல்லை. “விதையா? சவத்தக் கொண்டு போயி மாட்டுக்குப் போடு. ஒரு பழங்கூட தாம்பாளத்துல சேந்துறாமப் பாத்துக்கோ.”

நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் மெதுவாக, “ஏன் மதினி, விதை இருக்கது நல்லதுல்லா?” என்றார்கள்.

“பூவுக்கு வேற, பழத்துக்கு வேற” என்றார்கள் மாமியார். அந்தச் சட்டம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. ஆனாலும் ரொம்ப காலமாக இருக்கிற சட்டம் போலத்தான் சொன்னார்கள்.

பைக் திரும்பி வந்தது. கொழுந்தன் பொட்டலத்தைப் பிரித்தான். வாழை இலைக்குள் கனகாம்பரம். பெரிய பூ, அடர்ந்த நிறம். நம் மார்க்கெட்டில் வேறு என்ன கனகாம்பரம் வரும்? டெல்லிதான். அத்தை பாத்தியில் அன்றைக்கு விடிகாலையில் பறித்த அதே சாதி, முந்தின நாள் பறித்தது.

மாமியார் சரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். “பாத்தியளா நிறத்த? பூன்னா இது பூவு. வாங்கத் தெரிஞ்சவன் வாங்குனா இப்படித்தான்.”

என் வாய் தானாகத் திறந்தது. அடுக்களை வாசலில் அத்தை கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சபை கூடியது. சின்ன மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து, மார்க்கெட் பூவைச் சூட்டி, சந்தனம் பூசி, ஒவ்வொருத்தராக வளையல் போட்டார்கள். வலது கை முழங்கை வரை நிறைந்துவிட்டது. இடது கையை அந்தப் பிள்ளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் கையையும் நீட்டுட்டீ” என்றார்கள் மாமியார்.

“இந்தக் கைக்கு மொத வளையல் அக்கா போடட்டும்.”

“அவ அடுப்படியில வேலையா இருக்கா.”

“அணைச்சிட்டு வரட்டும். நான் எங்க ஓடப்போறேன்? இப்படியே உக்காந்திருக்கேன்.”

வளைகாப்பு அன்றைக்கு மாசமாக இருப்பவள் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. மாமியார் வைத்த சட்டத்தை விடப் பழைய சட்டம் அது. அந்தப் பிள்ளை அதைத் தெரிந்துதான் கேட்டது. மாமியார் சபையைப் பார்த்தார்கள், சபை மாமியாரைப் பார்த்தது. “வரச் சொல்லுங்க” என்றார்கள், தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே.

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சந்தனம் தடவினாள். பச்சை வளையல் ஒன்றைப் பார்த்து எடுத்து, வலிக்காமல் ஏற்றினாள். ஒரு வளையல் என்று கேட்டவள் இரண்டு போட்டாள். பிறகு அந்தப் பிள்ளை தலையில் பூச்சரம் சரிந்திருப்பதைப் பார்த்து, அதை எடுத்து விரலால் ஒரு பூவைத் திருப்பினாள். நம் வீட்டில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா? சபைக்கு நடுவிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இது என்ன கனகாம்பரம்?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குப் பதில் தெரியும். மூன்று கட்டும் தெரியும், ஏன் பிரியாது என்றும் தெரியும்.

“தெரியலம்மா” என்றேன்.

“ஒனக்கே தெரியலையா? அப்போ நல்ல பூவாத்தான் இருக்கும்” என்று சரத்தைச் சரியாகச் சூட்டி, ஊசி குத்திவிட்டாள். சின்ன மருமகள் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமியார் மறக்கவில்லை. “நாளைக்கு விடியதுக்குள்ள அந்தப் பாத்தியப் பிடுங்கிரணும்.”

“நாளைக்கு என்னத்துக்கு அத்தே? இப்பமே பிடுங்கிருதேன்” என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள் அத்தை. பிடுங்குமுன் ஒவ்வொரு செடியாகக் கம்பு கம்பாக நறுக்கினாள். தாம்பூலப் பையோடு கிளம்பிய பொம்பளைகள் கொல்லை வழியாகத்தான் கிளம்பினார்கள். “எனக்கு ஒரு கம்பு தாட்டி.” “எனக்கு ரெண்டு.” “கணு எத்தன இருக்கணும்?” “மண்ணு நனைஞ்சாப் போதுமா?” மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார்கள். செடி போகிறது, அவர்கள் சொன்னபடிதான் போகிறது, அதில் என்ன குற்றம் சொல்ல? பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய சின்ன மருமகள் பையிலும் இரண்டு கம்பு இருந்தது. பாத்தி வெறும் மண்ணானபோது தெரு முழுக்கக் கம்பு போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் கொஞ்சத்தை ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, “எங்க இருந்து வந்துச்சோ அங்கனயே போகட்டும்” என்றாள்.

இப்போது போனில் சொல்கிறாள். கம்பு வாடுது, வந்து பாருன்னு தினம் யாராவது வந்து கூப்பிடுகிறார்களாம். அப்படிப் போன வீடுகளிலேயே ஒன்றிரண்டு விசேஷங்களுக்கும் இருந்துவிட்டு வந்தாளாம். “அப்போ வீட்ட யாரு பாத்துக்கிடுதா?” என்று கேட்டேன். “அத்தைதான். அவங்களுக்கு இப்பம் முழங்கால் வலி” என்றாள். பக்கத்து வீட்டில் பூத்த முதல் சரத்தை அந்த அம்மா மதினிக்குத்தான் கொடுத்தார்களாம். மாமியார் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்களாம். அது அந்த வீட்டுப் பூ, வேற.

பிள்ளை உண்டாச்சா என்று கேட்பீர்கள். இல்லை. நான் அதற்காக இதை எழுதவில்லை.

அன்றைக்கு ஊர் திரும்பி மறுநாள் காலையில், நீங்கள் எல்லாரும் தூங்கும்போது, நான் அடிபம்புப் பக்கம் போனேன். மண்ணைக் கொத்தி, ஈரத்துணியைப் பிரித்துக் கம்புகளை ஊன்றினேன். ஒன்றைத் தலைகீழாக ஊன்றியிருந்தேன். உருவி, கணுவைத் தடவிப் பார்த்துத் திருப்பி ஊன்றினேன். தாம்பூலப் பையில் ஒரு பழம் கிடந்தது. உரித்து, நடுவில் அந்தப் புள்ளிகளை ஒருதரம் பார்த்துக்கொண்டு, நின்றபடியே தின்றேன். நல்ல இனிப்பு. தோலைக் கிள்ளிக் கிள்ளிக் கம்புகளின் அடியில் போட்டு மண்ணை மூடினேன்.